இரவெல்லாம் அழும் நாய்க்குட்டி: அழ விடுவதா, எடுப்பதா?

வாசகர் கேள்வி: எட்டு வாரம் முடிந்த பெண் லாப்ரடார் குட்டி எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து நாட்கள் ஆகின்றன. வளர்ந்த பிறகும் பயன்படட்டும் என்று பெரிய கம்பிக் கூண்டாக வாங்கிக் கூடத்தில் வைத்திருக்கிறோம். இரவு பத்து மணிக்குக் குட்டியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் படுக்கையறைக்குப் போனதும் அழத் தொடங்குகிறது. முதல் இரண்டு இரவுகளும் மனம் கேட்காமல் எடுத்துக்கொண்டோம். மூன்றாம் இரவு, "அழட்டும், தானாக அடங்கும்" என்று என் கணவர் சொன்னதால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பொறுத்துப் பார்த்தோம். ஊளையிட்டு, கம்பியைப் பிறாண்டி, கடைசியில் கூண்டுக்குள்ளேயே மலம் கழித்துவிட்டது. அதன் பிறகு பகலில்கூடக் கூண்டின் பக்கம் வர மறுக்கிறது. "பச்சைக் குழந்தையைச் சிறையில் அடைக்கிறீர்களே" என்று என் மாமியார் வருந்துகிறார். அழ விடுவதா, எடுப்பதா? துணைக்கு இன்னொரு குட்டி வாங்கினால் சரியாகிவிடுமா?

கால்நடை மருத்துவரின் பதில்:

வணக்கம். அழ விடுவதா, எடுப்பதா என்ற கேள்விக்குப் போவதற்கு முன் குட்டி எதற்காக அழுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது கூண்டுக்குள் இருப்பதற்காக அழுகிறதா, தனியாக இருப்பதற்காக அழுகிறதா? வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், இரண்டுக்கும் மருந்து வேறு. இதை அறிய எளிய வழி உண்டு. குட்டி உள்ளே இருக்கும்போது நீங்கள் கூண்டின் அருகிலேயே தரையில் அமர்ந்து, கம்பிக்கு வெளியே கையை வைத்துக்கொண்டு சில நிமிடங்கள் பேசாமல் இருந்து பாருங்கள். அழுகை தணிந்து உங்கள் கையை ஒட்டிப் படுத்துவிட்டால் அதன் துயரம் தனிமை. நீங்கள் பக்கத்தில் இருந்தும் வெளியே வரத் துடித்தால் அதன் துயரம் கூண்டு, அல்லது வயிறும் சிறுநீர்ப்பையும். நீங்கள் எழுதியிருப்பதைக் கொண்டு பார்த்தால், முதல் இரவில் அது தனிமைக்காகவே அழுதிருக்கிறது; மூன்றாம் இரவுக்குப் பிறகுதான் கூண்டின் மீதும் அச்சம் சேர்ந்திருக்கிறது.

பிறந்த நாள் தொட்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்த நாள்வரை அந்தக் குட்டி ஒருமுறைகூடத் தனியாக உறங்கியதில்லை. கண் திறக்கவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. முதல் வாரங்களில் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலும் நாய்க்குட்டிக்கு இல்லை. தாயின் வயிற்றோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிக் கிடப்பதுதான் அதற்கு உயிர் காக்கும் வழி. கூட்டத்திலிருந்து விலகி உருண்டுவிட்ட குட்டி கத்தும். கத்தினால் தாய் வருவாள். அந்தக் கத்தல் கற்றுக்கொண்ட தந்திரமன்று, உடலோடு பிறந்தது. எட்டாவது வாரத்தில் அதே குட்டி ஓர் இருண்ட கூடத்தில், அறிமுகமில்லாத வாசனைகளுக்கு நடுவே தனியாக விடப்பட்டால், தன் உடல் அறிந்த ஒரே வழியில் உதவி கேட்கிறது. இதைப் பிடிவாதம் என்று நாம் எண்ணத் தொடங்கியதும் நம் செய்கைகள் எல்லாம் தடம் மாறிவிடுகின்றன.

ஆகவே உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்: கூண்டில் படுக்கும் பாடம், தனியாக உறங்கும் பாடம், சிறுநீரை அடக்கும் பாடம் ஆகிய மூன்றையும் ஒரே இரவில், ஒரே கதவைச் சாத்திக் கற்பிக்க முயன்றிருக்கிறீர்கள். இவற்றைப் பிரித்துவிட வேண்டும். கூண்டைப் பகலில் கற்பிப்போம். தனிமையைச் சில வாரங்கள் கழித்துச் சிறிது சிறிதாகக் கற்பிப்போம். சிறுநீர் விஷயத்தில் குட்டியின் உடல் வளரும்வரை நாம்தான் எழுந்திருக்க வேண்டும்.

இன்றிரவே செய்ய வேண்டியது, கூண்டைக் கூடத்திலிருந்து உங்கள் படுக்கையறைக்கு மாற்றுவது. கட்டிலில் படுத்தபடி கையைத் தொங்கவிட்டால் குட்டி மோப்பம் பிடிக்கும் தூரத்தில் அது இருக்கட்டும். பெரிய கூண்டு படுக்கையறைக்குள் நுழையாது என்றால், சில வாரங்களுக்குச் சிறிய பயணக் கூண்டு ஒன்றைப் பயன்படுத்தலாம். அதுவும் இயலாவிட்டால் வீட்டில் ஒருவர் கூடத்தில் கூண்டின் அருகே படுக்கையை விரித்துக்கொள்ளலாம். உங்கள் மூச்சொலி கேட்க வேண்டும், உங்கள் வாசனை வர வேண்டும், விழித்தால் நீங்கள் தென்பட வேண்டும், அவ்வளவே தேவை. குட்டி விழித்து முனகும்போது விரல்களைக் கம்பியருகே கொண்டுபோனால் பல குட்டிகள் ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் சுருண்டுகொள்கின்றன.

"இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும்" என்று உங்கள் வீட்டில் யாரேனும் இதற்குள் சொல்லியிருப்பார்கள். இந்த வயதுக் குட்டியைப் பொறுத்தவரை அந்தப் பழமொழி பொருந்தாது. பயந்திருக்கும் குட்டிக்கு அருகில் இருப்பதால் பயம் வளர்வதில்லை; பயம் தணிந்த பிறகுதான் அது எதையும் கற்கும் நிலைக்கே வருகிறது. படுக்கையறையில் அமைதியாக உறங்கப் பழகிய குட்டியைப் பின்னர் கூடத்துக்கு மாற்றுவது, கூடத்தில் அலறிப் பழகிய குட்டியை அமைதிப்படுத்துவதைவிட எவ்வளவோ எளிது.

உங்கள் கணவர் சொன்னதை முற்றிலும் தவறென்று தள்ளிவிட மாட்டேன். பலன் கிடைப்பதால் தொடரும் ஒரு நடத்தை, பலன் நின்றுவிட்டால் மெல்ல மறையும் என்பது நாய்ப் பயிற்சியின் அடிப்படைகளுள் ஒன்று. ஆனால் அது மறைவதற்கு முன் ஒருமுறை கடுமையாக உயரும். முன்பு பத்து நிமிடம் குரைத்த நாய் அரை மணி நேரம் குரைக்கும். அந்த உச்சத்தில் மனமிரங்கிக் கதவைத் திறந்துவிட்டால், இவ்வளவு கத்தினால்தான் கதவு திறக்கும் என்று நாமே கற்பித்தவர்கள் ஆவோம். இவ்வளவும் சரி. ஆயினும் இது முழுவதும், எட்டு மாத நாய் சாப்பாட்டு மேசைக்கு அருகில் நின்றுகொண்டு ஒரு துண்டு கேட்டுக் குரைக்கும் வகைக்கு உரியது. பீதியில் எழும் அலறல் அந்த வகையைச் சேர்ந்ததன்று. பீதியில் இருக்கும் குட்டியைக் கவனிக்காமல் விட்டால் சில வேளைகளில் அது அடங்கத்தான் செய்யும். ஆனால் களைத்து விழுந்து அடங்கியதா, மனம் தெளிந்து அடங்கியதா என்பது அந்த இரவில் தெரியாது, மறுநாள் காலையில் தெரியும். கூண்டுக்குள் தானாக நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் குட்டி கூண்டின் பக்கமே வர மறுக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அது கற்றது என்ன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இதற்காக நீங்கள் மனம் வருந்த வேண்டாம். ஐந்து நாள் பழக்கத்தை மாற்றுவது கடினமன்று, ஐந்து மாதம் ஆகியிருந்தால்தான் கடினம்.

கூண்டு உங்கள் அருகில் வந்த பிறகும் அழுகை ஒரேயடியாக நின்றுவிடாது. ஆனால் இப்போது அழுகையின் வகை உங்களுக்குப் பிடிபடத் தொடங்கும். அரைத் தூக்கத்தில் விட்டுவிட்டு வரும் மெல்லிய முனகலுக்கு உடனே எழ வேண்டாம். புரண்டு படுக்கும் குழந்தை போல ஓரிரு நிமிடங்களில் அதுவாகவே தூங்கிவிடும், நாம் எழுந்து விளக்கைப் போட்டால்தான் முழுதாக விழிக்கும். படுத்தவுடன் எழும் சிணுங்கலுக்குக் கையை நீட்டினால் போதும். இரண்டு மூன்று மணி நேரம் நன்றாக உறங்கிய குட்டி திடீரென எழுந்து, சுற்றிச் சுற்றி நடந்து, தரையை மோந்து, வரவரக் கூடும் குரலில் அழுதால் அது வெளியே போக வேண்டும் என்று கேட்கிறது, தாமதிக்காமல் எழுந்திருங்கள். இடைவிடாத கீச்சுக்குரல், வேகமான மூச்சிரைப்பு, வாயில் எச்சில் ஒழுகுதல், கம்பியைக் கடித்தல் ஆகியவை தென்பட்டால் அது அச்சம். அங்கே பொறுத்திருப்பதற்கு ஒன்றுமில்லை. கதவைத் திறந்து அமைதிப்படுத்துங்கள், அன்றிரவைக் கூண்டுக்கு வெளியே உங்கள் அருகில் பாதுகாப்பான ஓர் இடத்தில் கழிக்க விடுங்கள், மறுநாள் பகல் பயிற்சியை இரண்டு படி பின்னாலிருந்து தொடங்குங்கள்.

நள்ளிரவில் வெளியே கொண்டுபோவதைச் சுவையற்ற வேலையாக வைத்துக்கொள்வது முக்கியம். பெரிய விளக்கைப் போடாதீர்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள், குட்டியை நடத்தாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நடக்க விட்டால் வழியிலேயே இருந்துவிடும். எப்போதும் ஒரே இடத்தில் இறக்கிவிட்டு, ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். காரியம் முடிந்ததும் மெல்லிய குரலில் ஒரு பாராட்டு, உடனே கூண்டு. அந்த நேரத்தில் கொஞ்சினாலோ விளையாடினாலோ, நள்ளிரவு இரண்டு மணி என்பது விளையாட்டு நேரம் என்று ஓரிரு இரவுகளிலேயே குட்டி முடிவு செய்துவிடும். தடுப்பூசித் தொடர் முடியாத குட்டி என்பதால், அந்த இடம் அறியாத நாய்கள் நடமாடாத உங்கள் சொந்த இடமாக இருக்கட்டும். குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் கழிச்சலும் உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது.

எத்தனை முறை எழுந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. குட்டியின் வயதை மாதத்தில் எடுத்துக்கொண்டு அதனோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம்தான் அதனால் அதிகபட்சமாக அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். உறக்கத்தில் சிறுநீர் சுரப்பு குறைவதால் இரவில் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். விழித்து விளையாடும் பகலில் இதைவிட மிகக் குறைவாகவே தாங்கும். நான் பரிந்துரைப்பது, குட்டி அழும்வரை காத்திராமல் அலாரம் வைத்துக்கொள்வது. பத்தரைக்குப் படுக்க வைத்தால் ஒன்றரைக்கும் நான்கரைக்கும் அலாரம் அடிக்கட்டும். குட்டி அமைதியாக இருக்கும்போதே நாம் கதவைத் திறந்துவிட்டால், அழுகைக்கும் கதவுக்கும் இடையே தொடர்பு உண்டாவதற்கு வாய்ப்பே இல்லாமல் போகிறது. இரண்டு மூன்று இரவுகள் கூண்டு காய்ந்திருந்தால் அலாரத்தைக் கால் மணி நேரம் தள்ளி வையுங்கள். மீண்டும் சில இரவுகள் கழித்து இன்னும் கால் மணி. இப்படி நகர்த்திக்கொண்டே போனால் இரண்டு எழுப்புதல்கள் ஒன்றாகிவிடும். நான்கு மாத வாக்கில் பெரும்பாலான குட்டிகள் ஆறேழு மணி நேரம் தொடர்ந்து உறங்கிவிடுகின்றன. தள்ளி வைத்த இரவில் கூண்டு நனைந்தால் தவறு குட்டியுடையதன்று, கணக்கினுடையது. முந்தைய நேரத்துக்கே திரும்பிவிடுங்கள்.

கூண்டுக்குள் மலம் கழித்ததைப் பற்றி. மூன்று வார வயதிலிருந்தே நாய்க்குட்டிகள் தாம் படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப்போய்க் கழிக்கத் தொடங்கும். கூண்டுப் பயிற்சி முழுவதும் இந்த இயல்பின் மீதுதான் நிற்கிறது. ஆனால் வளர்ந்த லாப்ரடாருக்கான கூண்டில் எட்டு வாரக் குட்டிக்கு ஒரு மூலை படுக்கையாகவும் எதிர் மூலை கழிப்பிடமாகவும் ஆகிவிட இடம் இருக்கிறது. நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் போதுமான அளவுக்கு மட்டும் இடம் விட்டு மீதியைத் தடுத்துவிடுங்கள். கம்பிக் கூண்டுகள் பலவற்றோடு தடுப்புத் தட்டி ஒன்று வந்திருக்கும். குட்டி வளர வளர அதைப் பின்னால் நகர்த்தலாம். அன்றிரவு நடந்ததற்குக் கூண்டின் அளவு ஒரு காரணம் என்றாலும் அச்சமும் காரணம், ஏனெனில் கடும் பீதியில் குடல் தானாக இளகும். திட்டுவதாலோ, மூக்கை அதில் கொண்டுபோய் அழுத்துவதாலோ ஒரு பயனும் இல்லை. நொதி கலந்த செல்லப்பிராணி வாசனை நீக்கியால் தட்டையும் கம்பிகளையும் நன்கு கழுவுங்கள்; அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களைத் தவிருங்கள், சிறுநீரை ஒத்த அவற்றின் நெடி மீண்டும் அதே இடத்துக்கே அழைக்கும். உங்கள் குட்டி இதற்கு முன் எப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். நாட்கணக்கில் அழுக்குக் கூண்டிலேயே அடைபட்டு வளர்ந்த குட்டிகளிடம் அந்தத் தூய்மை உணர்வு மங்கியிருக்கும். அவற்றுக்குக் கூண்டைவிட அடிக்கடி வெளியே கொண்டுபோவதே முதல் வைத்தியம்.

கூண்டின் உள்ளே எளிதில் துவைக்கக்கூடிய ஒரு துணி விரிப்பு போதும். குட்டி அதைக் கிழித்து விழுங்கும் வழக்கமுடையதாக இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டியதுதான். தாயிடமிருந்து வந்தபோது உடன் வந்த துணி ஏதேனும் துவைக்காமல் இருந்தால் அதைப் பொன்போலப் பாதுகாத்து உள்ளே வையுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றாமல் கூண்டில் விடக்கூடாது; பட்டை கம்பியில் மாட்டிக் கழுத்து இறுகும் ஆபத்து உண்மையானது. கூண்டின் மேல் துணி போர்த்துவது சில குட்டிகளுக்கு உதவுகிறது, ஆனால் முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். நாய்கள் வியர்த்துத் தம் உடலைக் குளிர்விப்பதில்லை, மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகின்றன; காற்றோட்டமில்லாத, வெக்கையான மூலையில் வைத்த கூண்டில் எந்தப் பயிற்சியும் பலிக்காது.

இனிப் பகலுக்கு வருவோம். உண்மையில் இரவுத் தூக்கம் பகலில்தான் தீர்மானமாகிறது. இந்தப் பகுதியை அவசரப்பட்டுக் கடந்தவர்கள்தான் என்னிடம் மீண்டும் வருகிறார்கள். உங்கள் குட்டி கூண்டை வெறுத்திருப்பதால், முதல் இரண்டு நாட்களுக்குக் கதவைச் சாத்தும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதபடி அதைத் திறந்த நிலையில் கட்டிவிடுங்கள். கூண்டை முன்பிருந்த மூலையில் வைக்காமல் குடும்பத்தினர் புழங்கும் வேறோர் இடத்துக்கு மாற்றுங்கள். விரிப்பையும் மாற்றினால் நல்லது, பழைய அச்சத்தின் வாசனை அதில் இருக்கும். பிறகு குட்டிக்கு மிகவும் பிடித்த தின்பண்டத்தைச் சிறு துணுக்குகளாக்கி, நீங்கள் போகிற போக்கில் கூண்டின் வாயிலருகே ஒன்றிரண்டைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள். கூப்பிட வேண்டாம், கெஞ்ச வேண்டாம், பின்னாலிருந்து தள்ளவே வேண்டாம். எட்டி எடுத்துக்கொண்டு ஓடினாலும் சரி. அடுத்த முறை ஒரு சாண் உள்ளே, அதற்கடுத்த முறை நடுவில், பிறகு பின்புறக் கம்பியருகே. உள்ளே போய் எடுத்துவிட்டு வெளியே வரும் உரிமை முழுவதும் அதனுடையதாக இருக்கட்டும். தன் விருப்பப்படி வெளியே வர முடிகிற இடத்துக்குள் போவதற்கு எந்தக் குட்டியும் அதிக நாள் தயங்குவதில்லை.

நான்கு கால்களும் உள்ளே போகத் தொடங்கியதும் மூன்று வேளை உணவையும் அங்கேயே வையுங்கள். உண்ணும்போது கதவை மெல்லச் சாத்தி, கிண்ணம் காலியாவதற்கு முன்பே திறந்துவிடுங்கள். இந்த ஒரு நுணுக்கத்தில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். சாப்பிட்டு முடித்து, வாயிலில் வந்து நின்று, அழத் தொடங்கிய பிறகு திறந்தால் பாடம் தலைகீழாகிவிடும். அடுத்த நாட்களில் கிண்ணம் காலியான பிறகு ஐந்து வினாடி, பிறகு அரை நிமிடம், பிறகு இரண்டு நிமிடம் என்று நீட்டுங்கள். உணவை அடைத்து நக்க விடும் ரப்பர் பொம்மை ஒன்று இங்கே பெரிதும் உதவும்; நக்குவதும் மெல்லுவதும் நாயைத் தாமாகவே அமைதிப்படுத்தும் செயல்கள். நீங்கள் அருகில் அமர்ந்திருப்பது, எழுந்து நிற்பது, இரண்டடி நடப்பது, அறையை விட்டு ஒரு கணம் மறைந்து திரும்புவது என்று உங்கள் நகர்வையும் இதே போலச் சிறு சிறு கூறுகளாகப் பழக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். நேரத்தை நீட்டும் நாளில் தூரத்தைக் கூட்டாதீர்கள். விளையாடிக் களைத்து எங்கேயாவது சுருண்டு தூங்கத் தொடங்கும் குட்டியைத் தூக்கிக் கூண்டில் கிடத்தி, கதவைத் திறந்தே வைத்தால், கண் விழிக்கும்போது கூண்டு என்பது தூங்கி எழுந்த இடமாக அதன் நினைவில் பதியும். குறும்பு செய்ததற்குத் தண்டனையாக ஒருநாளும் அதில் அடைக்காதீர்கள், வீட்டுச் சிறுவர்களையும் உள்ளே கைவிட்டுச் சீண்ட விடாதீர்கள்.

இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் பதினெட்டிலிருந்து இருபது மணி நேரம் உறங்க வேண்டும். இது பலருக்கு வியப்பளிக்கிறது. இரவில் தூங்கட்டும் என்று பகல் முழுவதும் தூங்க விடாமல் விளையாட்டுக் காட்டுகிறவர்கள் எதிர்ப்பலனையே காண்கிறார்கள். தூக்கம் போதாத குட்டி மாலையில் வெறிபிடித்தது போல ஓடும், கையைக் காலைக் கடிக்கும், இரவில் அடங்கத் தெரியாமல் தவிக்கும். மாலையில் ஒரு நல்ல விளையாட்டு, அதன் பின் ஒரு மணி நேரமாவது சந்தடி குறைந்த வீடு, பிறகு வெளியே ஒரு நடை, பிறகு கூண்டு என்ற வரிசை நாள் தவறாமல் நடக்கட்டும். கடைசி உணவு படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும், ஏனெனில் வயிறு நிறைந்ததும் குடல் இயங்கத் தொடங்கும். பகல் முழுவதும் தண்ணீர் தாராளமாக வைத்து, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கிண்ணத்தை எடுத்துவிடலாம். வெப்பமான காலத்தில் அதையும் செய்ய வேண்டாம். லாப்ரடார் போன்ற பெரிய இனக் குட்டிக்கு இந்த உணவு இடைவெளி தொல்லை தராது. மிகச் சிறிய இனக் குட்டிகளை வளர்ப்பவர்கள் மட்டும், நீண்ட நேரப் பட்டினியில் அவற்றின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால், இரவு உணவு நேரத்தைத் தம் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

கூண்டை மீண்டும் கூடத்துக்கு எப்போது கொண்டுபோவது? படுக்கையருகே ஒரு வாரமாவது அழுகையின்றிக் கழிந்த பிறகு, இரண்டு மூன்று இரவுகளுக்கு ஒருமுறை ஓரிரு அடி வீதம் வாசலை நோக்கி நகர்த்துங்கள். பிறகு வாசலில், பிறகு கதவுக்கு வெளியே உங்களைப் பார்க்க முடிகிற இடத்தில், கடைசியாகக் கூடத்தில். ஓரிடத்தில் அழுகை திரும்பினால் முந்தைய இடத்துக்குப் போய் மேலும் சில இரவுகள் இருங்கள். இதற்குக் காலக்கெடு வைத்துக்கொள்ள வேண்டாம். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், உங்கள் தூக்கம் கெடாதவரை அது படுக்கையறையிலேயே இருந்துவிட்டாலும் குடி முழுகிப் போய்விடாது.

உங்கள் மாமியாரின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. நாய் இயல்பாகவே குகையில் வாழும் விலங்கு, ஆகவே கூண்டை விரும்பும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நான் அப்படியே ஏற்பதில்லை. ஓநாய்கள் குகையைக் குட்டி ஈன்று வளர்க்கும் சில வாரங்களுக்குத்தான் பயன்படுத்துகின்றன. வளர்ந்தவை திறந்த வெளியில்தான் உறங்குகின்றன. அந்தக் குகைக்கும் கதவு கிடையாது. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் வீட்டில் நாயைக் கூண்டில் பூட்டி வைத்து வளர்ப்பதற்குச் சட்டமே இடம் தருவதில்லை. ஆகவே கூண்டு ஒரு கருவி மட்டுமே. மின்கம்பியைக் கடிக்கும் வயதில் இரவுப் பாதுகாப்புக்கும், பயணத்துக்கும், என்றேனும் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அங்கே கலங்காமல் இருப்பதற்கும் அது உதவும். பகலில் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை குட்டியை அதில் அடைத்துவைப்பது தவறு. இந்த வயதில் பகலில் தொடர்ச்சியாக ஓரிரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எவ்வளவு பொறுமையாகப் பழக்கியும் உங்கள் குட்டி கூண்டை ஏற்கவில்லை என்றால், படுக்கைக்கு அருகில் மடக்குத் தடுப்பால் ஒரு சிறு பகுதியைச் சுற்றி வளைத்துக் கொடுத்தாலும் போதும். உங்கள் மாமியாரிடமே பகல் பயிற்சியின் ஒரு பகுதியை ஒப்படைத்துப் பாருங்கள் என்றும் சொல்வேன். குட்டியின் முகத்தைப் பார்த்து அதன் மனத்தை அறியக்கூடியவர் போலத் தெரிகிறார்.

சில அறிகுறிகள் பயிற்சியோடு தொடர்பில்லாதவை. வீடு மாறிய முதல் சில நாட்களில் மலம் சற்று இளகுவது உண்டு. ஆனால் நீர்த்த அல்லது இரத்தம் கலந்த கழிச்சல், வாந்தி, உணவை மறுத்தல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பார்வோ நோய் தொற்றிய பின் வெளிப்படுவதற்குப் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு நாட்கள் ஆகும் என்பதால், பழைய இடத்தில் தொற்றியது புதிய வீட்டின் முதல் வாரத்தில் தலைகாட்டலாம். சொட்டுச் சொட்டாக அடிக்கடி சிறுநீர் கழிப்பது, முக்குவது ஆகியவை சிறுநீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம். பெண் குட்டிகளில் இது அரிதன்று. உப்பிய வயிறு குடற்புழுவையும், இரவெல்லாம் சொறிவது உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி நோய் ஆகியவற்றையும் நினைவூட்ட வேண்டும். தூங்க வைப்பதற்காக மனிதர்களுக்கான எந்த மாத்திரையையும் கொடுக்காதீர்கள். வாய், பல், நகம் காயமாகும் அளவுக்குக் கூண்டோடு போராடினால் கூண்டையே நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள்.

இன்னொரு குட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள், வேண்டாம். ஒரே வயதுக் குட்டிகள் இரண்டு சேர்ந்தால் அழுகை சில இரவுகளுக்குக் குறையக்கூடும். ஆனால் அவை உங்களைவிட ஒன்றையொன்று அதிகமாகப் பற்றிக்கொள்ளும். பின்னர் ஒன்றை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் வீட்டில் இருப்பது அலறும், கொண்டுபோனதும் அலறும். தனியாக இருக்கும் பாடத்தை இரண்டுக்கும் தனித்தனியே கற்பிக்க வேண்டியிருக்கும், நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவையும் இரண்டாகும். இப்போதைய குட்டிக்கு ஒன்றரை வயதாகி, அது தனியாக இருக்கவும் சொல் கேட்கவும் நன்கு பழகிய பின்பு, அப்போதும் உங்களுக்கு விருப்பம் இருந்தால் இரண்டாவதைப் பற்றிப் பேசலாம். அதற்கும் தனியாக ஒரு கூண்டு வேண்டும்.